ஒன்பதாயிரம் பெண்களும் ஒரு கிரிக்கெட் வலையும்

நல்லாங்குறிச்சி நகராட்சியில் மாதம் ஒருமுறை ஜனநாயகம் நடக்கும். அதற்கு மொத்தம் பதினோரு வினாடி ஆகும். அந்தப் பதினோரு வினாடிக்கும் பொறுப்பான அரசு ஊழியன் நான்தான். பெயர் ஐயம்பெருமாள். ஊரில் 'நிழல் ஐயம்பெருமாள்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு ஒரு பச்சைப் பொத்தானை அழுத்துவேன். ஊரின் பதினெட்டாயிரத்துச் சொச்சம் வாக்காளர்களின் நிழல்களும் கணினிக்குள் கூடும். வாதாடும், வாக்களிக்கும், கலைந்து போகும். நான் வாங்கி வைத்த டீ அதற்குள் ஆறியதே இல்லை.

இந்த ஏற்பாடு வந்த கதை வேடிக்கையானது. எல்லார் கைக்கும் இணையம் வந்து சேர்ந்த புதிதில் அரசாங்கத்துக்கு ஓர் ஆசை பிறந்தது. இனி எதைச் செய்தாலும் மக்களைக் கேட்டே செய்வோம் என்றார்கள். கேட்கவும் செய்தார்கள். சாக்கடை மூடி வட்டமா, சதுரமா? தெருவிளக்கு வெள்ளையா, மஞ்சளா? முதல் மாதம் ஊரே திருவிழா மாதிரி போனைத் தட்டி வாக்களித்தது. மூன்றாம் மாதம் ஒரு நாளைக்கு நாற்பது கேள்விகள் வந்தன. ஆறாம் மாதம், கேள்வி மணி அடித்தாலே போனைத் தலையணைக்கு அடியில் திணிக்க ஆரம்பித்தார்கள். சரி, நீங்கள் சிரமப்பட வேண்டாம், உங்களைப் போலவே யோசிக்கிற ஒரு நிழலைச் செய்து தருகிறோம், உங்கள் வாக்கை அது போடட்டும் என்று அரசு சொன்னது. மக்கள் கும்பிட்டு வரவேற்றார்கள். அது நடந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இந்த ஆறு வருடத்தில் நகர்மன்றக் கூடத்துக்குள் ஒரு மனிதர்கூட வரவில்லை. நாற்காலிகளை அடுக்கி மூலையில் போட்டு, கூடத்தில் கொசு மருந்து டப்பாக்களை வைத்திருந்தோம்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் முற்போக்கான ஆள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வடிவு, பூச்சந்தைக்கு எதிரே உள்ள பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் அவளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பது நான்தான். எத்தனை கணவன்மார் இதைச் செய்கிறார்கள்? சாயங்காலம் பாட்டிலில் மிஞ்சியதைக் கொல்லையில் உள்ள கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவதும் நானே. எங்கள் தெருவிலேயே எங்கள் கறிவேப்பிலைதான் செழிப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் அறைக் கதவை யாரோ இடித்துத் திறந்தார்கள். இடுப்பில் பூக்கூடையோடு ஒரு பெண். ஐம்பதை நெருங்கும் வயது, நெற்றியில் எட்டணா அகலத்துக்குப் பொட்டு.

"தம்பி, நீங்கதான நிழல்காரரு?"

"ஆமாக்கா. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல, பூ வாடிரும். என் பேரு முப்பிடாதி. சந்தையில பூக்கடை. என் ஓட்ட எனக்குக் காட்டணும்."

ஆறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு என்ன செய்வதென்றே ஓடவில்லை.

"எதுக்குக்கா திடீர்னு?"

"நேத்து சந்தைக்குப் பின்னால இருக்க எடத்துல மண்ணத் தள்ள ஒரு வண்டி வந்து நிக்கி. என்னய்யான்னு கேட்டா, கிரிக்கெட்டு வலை கட்டப் போறாவளாம். பெரிய திரை வைக்கப் போறாவளாம். அந்த எடத்துல எங்க கக்கூசு இருந்துச்சு. சந்தையப் புதுசாக் கட்டுதோம்னு இடிச்சப்ப, அங்கனயே புதுசாத் தாறோம்னு சொன்னாவ. நாலு வருசமாச்சு. இப்ப என்னடான்னா, 'நீங்கல்லாம் ஓட்டுப் போட்டுத்தான இது முடிவாச்சு'ங்கான் வண்டிக்காரன். நான் எப்பம் போட்டேன்?"

விஷயம் எனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமைதான் அந்தத் தீர்மானம் நிறைவேறியது. காலி மனையில் பெண்கள் கழிப்பறையா, கிரிக்கெட் வலையும் திரையுமா? வலைக்குப் பதினெட்டாயிரத்துக்கு மேல் வாக்குகள். கழிப்பறைக்கு இருநூற்று ஐந்து.

அவருடைய ரேஷன் அட்டை எண்ணைத் தட்டினேன். திரையில் அவர் நிழலின் ஆறு வருடச் சரித்திரம் விரிந்தது. வாசித்துக் காட்டினேன்.

"கிரிக்கெட் வலைக்கு ஆதரவு. திரைக்கு ஆதரவு. சந்தை வாசலில் பைக் நிறுத்துமிடம், ஆதரவு. பேருந்து நிலையத்தில் நடிகருக்கு நூறடி கட்-அவுட், மிக ஆதரவு. மதுக்கடை நேரத்தைக் குறைக்கும் தீர்மானம்…"

"அதுல என்ன சொன்னேன்?"

"குறைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கிய."

முப்பிடாதி அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்து நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

"இது நான் இல்ல தம்பி. இது என் மவன். அப்படியே அவன உரிச்சு வச்சிருக்கு."

"உங்க அட்டையில எந்த போன் நம்பர் குடுத்திருக்கிய?"

"அவன் நம்பருதான். எனக்கு எதுக்கு நம்பரு? கேஸுக்கு, ரேஷனுக்கு, பேங்குக்கு, தடுப்பூசிக்கு, எல்லாத்துக்கும் அவன் நம்பருதான குடுத்தேன். ஓடிபி வரும்லா, அவன்தான பாத்துச் சொல்லணும்."

நிழல் என்பது ஒருவருடைய போனிலிருந்து உருவாகிறது. அவர் எதை நின்று படிக்கிறார், எதைத் தள்ளிவிடுகிறார், எதற்குச் சிரிக்கிறார், எதைத் திட்டுகிறார் என்று பார்த்துப் பார்த்து அது அவராகவே ஆகிவிடும். ஓர் ஆளுக்கு ஒரு போன் என்று நம்பி இதை எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ தெரியவில்லை. நம் ஊரில் 'நம்பர் சொல்லுங்கம்மா' என்றால் எந்தப் பெண் தன் நம்பரைச் சொல்லியிருக்கிறாள்?

அவசரமாக ஒரு கணக்கெடுப்பை ஓடவிட்டேன். பெண் வாக்காளர்கள் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் எட்டாயிரத்து எண்ணூற்று எழுபது பேரின் நிழல்கள் கணவன், மகன், அண்ணன் போன்களில் வளர்ந்தவை. ஒருத்தி, செத்துப்போன மாமனாரின் நம்பரில் இருந்தாள். 'பெண்கள் பங்கேற்பில் நூறு சதவீதம்' என்று போன வருடம் எங்களுக்குக் கொடுத்த விருதுக் கேடயம், காகிதங்கள் பறக்காமல் இருக்க என் மேஜை மேல்தான் இருந்தது. அதை மெல்லக் கவிழ்த்து வைத்தேன்.

"சரி, சொந்தமா போன் வச்சிருக்க பொம்பளையளும் இருக்காளுவல்லா?" என்றார் அக்கா. "அவளுவ கேக்கலியா?"

"ஐநூத்தி நாப்பத்திரண்டு பேரு இருக்காவ. அதுலயும் இருநூத்திச் சொச்சம் பேருதான் கேட்டிருக்காவ. மத்தவங்க இதப் பத்தி போன்ல எதுவுமே பேசல, தேடல. பேசாதது நிழலுக்குத் தெரியாதுக்கா."

"இதயெல்லாம் போன்ல யாரு பேசுவா?"

கேட்டுவிட்டு அக்கா தொடர்ந்தார்.

"விடியங்காட்டி நாலு மணிக்குச் சந்தைக்கு வாரோம். வீட்டுக்குப் போவ மத்தியானம் ஒரு மணி ஆயிரும். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டோம். குடிச்சா போவணும்லா. எங்க போவ? நா வறண்டா வெத்தலைய மெல்லுவோம். பக்கத்துக் கடை பேச்சித்தாயி கிட்னியில கல்லுன்னு ஆஸ்பத்திரியில கெடந்து வந்தா. இதுதான் தம்பி எங்க பாடு." அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. பிறகு கேட்டார்: "ஒரு ஆம்பளைக்குமா தோணல?"

"ஒருத்தருக்குத் தோணியிருக்குக்கா." வாக்குப் பட்டியலைக் காட்டினேன். கழிப்பறைக்கு விழுந்த இருநூற்று ஐந்தில் இருநூற்று நான்கு பெண்கள். ஆண் ஒருவர். "அது நான்தான்."

முப்பிடாதி அக்கா என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "நல்லாருப்பிய" என்றார்.

பெருமையில் எனக்கு ஒரு சுற்று உடம்பு கூடியது போல இருந்தது. வடிவின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவளும் என் நம்பரில்தான் இருக்கிறாள். அவள் நிழல் என் நிழலின் நகல். பாவம், ஆறு வருடமாக என் முற்போக்குக் கருத்துகளையே அவளும் வாக்காகப் போட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அது நல்லதுதான் என்றும் நினைத்தேன்.

ஆணையர் மெர்லின் ஷீபாவிடம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பத்திரண்டு வயது, விதிப்புத்தகத்தைப் படித்துச் சிரிக்கக்கூடிய ஒரே மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்து எதையோ பார்த்தார். முகம் சுருங்கியது.

"என் வாக்கு எங்க ஊர்லதான் இருக்கு. ஆனா அட்டையில அப்பா நம்பர்" என்றார். "அப்ப எங்க ஊர்ல நானும் அப்பாதானா?"

"அப்படித்தான் மேடம்."

அவர் போனைத் தள்ளி வைத்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். "விதி பதினேழு. நிழல்கள் எடுத்த முடிவை ஏழு நாளுக்குள்ள ஐநூறு வாக்காளர்கள் நேர்ல வந்து மறுக்கலாம். அப்படி வந்தா அந்த ஒரு விஷயத்துக்கு எல்லா நிழலும் விலகணும். வந்திருக்கிறவங்க மட்டும் வாக்களிப்பாங்க. ஏழாவது நாள்னா, வர்ற வெள்ளி காலை பதினோரு மணி. அதுக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் வலைதான்."

"மூணு நாள்ல ஐநூறு பேரா?" என்றேன். "எல்லாருக்கும் செய்தி அனுப்பிரலாமா?"

"யார் போனுக்கு அனுப்புவீங்க?" என்றார் ஆணையர்.

அதுதானே. எட்டாயிரம் பெண்களுக்கு நான் அனுப்பும் செய்தி எட்டாயிரம் ஆண்களுக்குப் போய்ச் சேரும். அவர்களோ திரை எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள்.

"போனு எதுக்கு?" என்றார் முப்பிடாதி அக்கா. "இந்த ஊர்ல எங்க பூ போவாத வீடு எது? காலையில எந்த ஆம்பள வந்து பூ வாங்குதான்? பொட்டலத்துக்குள்ள ஒரு சீட்டு வச்சா முடிஞ்சிச்சு."

"பிரமாதம்க்கா!"

"இருங்க தம்பி. வெள்ளிக்கிழமை பதினோரு மணின்னா சொன்னிய? பத்தரைலருந்து பன்னெண்டு ராகு காலம்லா! எவ வீட்ட விட்டு எறங்குவா?"

ஆணையர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். ராகு காலத்துக்கு அதில் விதி இல்லை.

"அதுவும் வெள்ளிக்கிழமை. எங்களுக்கு அன்னைக்குத்தான் யாவாரம். கடையப் போட்டுட்டு வந்தா பூவெல்லாம் யாரு கட்டுவா?" அக்கா கொஞ்ச நேரம் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். "சரி. பத்தேகாலுக்கே உள்ள வந்துருவோம். காலடி எடுத்து வச்ச நேரந்தான கணக்கு. பூவையும் கொண்டாந்துருவோம். உக்காந்து கட்டிட்டு இருப்போம். கட்டலாம்லா, உங்க சட்டத்துல?"

"கட்டக் கூடாதுன்னு எங்கயும் இல்ல" என்றார் ஆணையர், மிகுந்த சந்தோஷத்தோடு.

சீட்டுகளை நானே அச்சடித்துக் கொடுத்தேன். 'சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை. வெள்ளி காலை பத்தேகாலுக்கு நகராட்சிக்கு நேரில் வரவும். போனில் பேச வேண்டாம்.' புதன், வியாழன் இரண்டு நாளும் வாழை இலைப் பொட்டலங்களுக்குள் சீட்டு ஊரெல்லாம் போயிற்று. எந்த ஆணுக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்திருந்ததில் தாங்க முடியாத குதூகலம்.

வியாழன் சாயங்காலம் வடிவு வேலையிலிருந்து வந்தாள். தலையில் அன்றைய பிச்சிப்பூ.

"பூவோட எதுவும் சீட்டு வந்துச்சா?" என்றேன், பெரிய ரகசியம் தெரிந்தவன் மாதிரி.

"என்ன சீட்டு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இவளுக்கு ஊர் விஷயத்தில் அக்கறையே கிடையாது என்று எனக்குச் சின்ன வருத்தம். அவள் பையிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கறிவேப்பிலைக்கு அன்றும் நல்ல விருந்து.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே கொசு மருந்து டப்பாக்களை அகற்றி நாற்காலிகளைத் துடைத்துப் போட்டோம். நூற்றிருபது நாற்காலி. நாற்பது பேர் வந்தாலே பெரிது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு ஒருவர்கூட இல்லை. பத்து ஐந்துக்கும் இல்லை. ஆணையர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து பத்துக்கு வாசனைதான் முதலில் வந்தது. மல்லிகை, பிச்சி, மரிக்கொழுந்து. பின்னாலேயே முப்பிடாதி அக்கா தலையில் கூடையோடு வந்தார். அவருக்குப் பின்னால் சந்தையின் மொத்தப் பூக்காரிகளும். அவர்களுக்குப் பின்னால் காய்கறிக் கடைப் பெண்கள், மீன்கடைப் பெண்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், பேருந்து நடத்துநர் இருவர், கல்லூரி மாணவிகள், இடுப்பில் குழந்தையோடு வந்தவர்கள். எல்லாரும் மணியைப் பார்த்துப் பார்த்து அவசரமாக உள்ளே கால் வைத்தார்கள். "வெரசா ஏறுங்கட்டி, ராகு காலம் வந்துரும்!" என்று படிக்கட்டில் யாரோ விரட்டிக்கொண்டிருந்தார்கள். கூடம் நிரம்பி, வராந்தா நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, வேப்பமரத்தடி வரை கூட்டம் போயிற்று. கடைசியாக ஜவுளிக்கடைப் பெண்கள் ஒரே நிறச் சீருடைச் சேலையில் வரிசையாக வந்தார்கள். அன்று கடை பத்து மணிக்குத் திறக்கவில்லையாம். திறக்க ஆள் இல்லை.

அந்த வரிசையில் வடிவு இருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்க்காதது மாதிரி போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணோடு சேர்ந்து பூக்கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நகர்மன்றத் தலைவருக்குச் செய்தி போய் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். முதலில் பயந்துதான் போனார். ஆறு வருடமாக மக்களை நேரில் பார்க்காத மனிதர். பிறகு யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்தக் கை மைக்கை அடையாளம் கண்டுகொண்டது. "என் அன்புத் தாய்மார்களே!" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஆறு வருடப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்திருக்கிறது, பாவம். நிழல்களுக்கு யார் மேடை போட்டுப் பேசுவார்கள்? கடைசியில் ஆணையர் கடிகாரத்தைக் காட்டி உட்கார வைத்தார். உட்காரும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அது பேச்சின் சுகத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பதினோரு மணி. தலைகளை எண்ணியதில் ஐநூறு எப்போதோ தாண்டியிருந்தது. என்னிடம் இருந்ததோ அடையாளம் சரிபார்க்கும் ஒரே ஒரு இயந்திரம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் விடிய விடிய ஆகும்.

"மேடம், இவ்வளவு பேருக்கு எப்படி வாக்கு வாங்க?"

"விதியில 'நேரில்'னுதான் இருக்கு. 'இயந்திரத்தில்'னு இல்ல" என்றார் ஆணையர். "அடையாள அட்டையைப் பார்த்து உள்ள விடுங்க. மத்தது அக்கா பார்த்துப்பாங்க."

அக்கா பார்த்துக்கொண்டார். அட்டையைக் காட்டிய ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் கேந்திப்பூ. மேடையில் இரண்டு கூடை. ஒன்றில் 'கழிப்பறை', இன்னொன்றில் 'கிரிக்கெட்' என்று அட்டை கட்டியிருந்தது. வரிசை நகர்ந்தது. வீட்டில் ஆள் இல்லாததைப் பார்த்து, 'மத்தியானச் சோறு என்னாச்சு?' என்று விசாரித்துக்கொண்டே வந்த பதினான்கு கணவன்மாருக்கும் பூ கொடுத்தார்கள். ஒருவர் கிரிக்கெட் கூடைக்குப் பக்கத்தில் போய், மனைவியின் பார்வையைப் பார்த்து, பூவைக் காதில் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மெலிந்த ஒரு கல்லூரிப் பெண் கிரிக்கெட் கூடையில் பூவைப் போட்டாள். முப்பிடாதி அக்கா விடவில்லை.

"ஏட்டி, நீ என்ன அங்க போடுத?"

"நான் பந்து போடுவேன் அக்கா. எங்களுக்கும் பழக எடமில்ல. எனக்கு வலையும் வேணும், கக்கூசும் வேணும். நீங்க ஒத்தப் பூதான தந்திய?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சரித்தான். அடுத்த மாசம் உனக்கு வலை கேட்டு வருவோம்" என்றார்.

பூக்களை எண்ண இருபது நிமிடம் ஆயிற்று. கழிப்பறைக் கூடையில் அறுநூற்றுப் பதினேழு. கிரிக்கெட் கூடையில் பத்தொன்பது. காதில் ஒன்று. தலைவர் மறுபடியும் மைக்கைப் பிடித்து முடிவை மூன்று முறை அறிவித்தார். வேப்பமரத்தடிவரை கைதட்டல் போயிற்று. அதோடு விடாமல், "ஆண்களிலே முதன்முதலாகத் தாய்மார்களின் கஷ்டத்தை உணர்ந்து, கழிப்பறைக்கு வாக்களித்த ஒரே நிழல், நமது ஐயம்பெருமாள் அவர்களின் நிழல்!" என்று என்னையும் மேடைக்கு இழுத்தார். முப்பிடாதி அக்கா கையோடு கட்டி வைத்திருந்த மல்லிகை மாலையை என் கழுத்தில் போட்டார். அறுநூறு பெண்கள் எனக்குக் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் அதற்குமுன் எனக்காகக் கைதட்டியவர் என் அம்மா மட்டும்தான்.

மாலையைக் கழற்றாமலே என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். சொந்த நம்பரில் புது நிழல் பதிய விரும்புகிறவர்கள் பதியலாம் என்று ஆணையர் அறிவித்திருந்தார். சொந்த நம்பர் இல்லாவிட்டாலும் முதல் ஆளாக வந்து நின்றவர் முப்பிடாதி அக்கா.

"இந்தத் திரையில சும்மா மேலயும் கீழயும் தள்ளுங்கக்கா. ஒவ்வொருத்தரும் தள்ளுத வேகம், அழுத்தம், தயங்குத எடம், எல்லாம் கையெழுத்து மாதிரி. விரல்நடைன்னு பேரு. இந்த நடை இதுக்கு முன்னால எந்தப் போன்லயாவது நடந்திருந்தா, அது உங்க தடம்னு கண்டுபிடிச்சு எடுத்து உங்க நிழலுக்குக் குடுத்துரும்."

அக்கா தள்ளினார். இயந்திரம் ஊர் முழுக்கத் தேடிவிட்டு 'தடம் எதுவும் இல்லை' என்றது.

"அப்படின்னா?"

"உங்க நிழல் காலியா இருக்குக்கா."

"அது காலியாவே கெடக்கட்டும். நான் நேர்லயே வாரேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார். ஆனாலும் போகாமல், அடுத்தவர்களுக்கு எப்படி வருகிறது என்று பார்க்கச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

நாலாவது ஆள் வடிவு. கையில் புது போன்.

"இது எப்பம் வாங்கின?"

"நேத்து."

"சீட்டு வரலன்னு சொன்னியே?"

"நான் எப்பம் அப்படிச் சொன்னேன்? 'என்ன சீட்டு'ன்னுதான கேட்டேன். போன்லயே பேசக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு, உங்ககிட்ட பேசலாமா?"

நான் அச்சடித்த சீட்டுக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று எண்ணிக்கொண்டே திரையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் விரலால் மெதுவாகத் தள்ளினாள். இயந்திரம் தேடியது. 'தடம் உண்டு' என்றது. காட்டிய நம்பர் என்னுடையது.

'இந்த எண்ணில் இரு விரல்நடைகள் உள்ளன. பிரிக்கவா?'

நான் சம்மதம் என்று அழுத்தினேன். என் போனில் அவள் எப்போதாவது சமையல் குறிப்பு பார்த்திருப்பாள், அது போகட்டும் என்றுதான் நினைத்தேன். திரையில் இரண்டு கோடுகள் வளர்ந்தன. ஒன்று ஓடி ஓடி எழுபத்தொரு சதவீதத்தில் போய் நின்றது. அதன் மேல் 'வடிவு' என்று எழுதியிருந்தது.

அடுத்து அவளுடைய தடங்களின் தலைப்புகள் வரிசையாக இறங்கின. 'ஒன்பது மணி நேரம் சிறுநீரை அடக்கினால் என்ன ஆகும்.' 'நின்று வேலை பார்ப்பவர்களுக்குக் கால் வீக்கம்.' 'அடிக்கடி நீர்க்கடுப்பு, வீட்டு வைத்தியம்.' 'பொதுக் கழிப்பறை கேட்டு மனு எழுதுவது எப்படி.' தேதிகளைப் பார்த்தேன். நான்கு வருடம்.

"உங்க போனுல்லா. படிச்சிட்டு உடனே அழிச்சிருவேன்" என்றாள் வடிவு, குரலைத் தாழ்த்தி. "கடையில கக்கூசு அஞ்சாவது மாடியில இருக்கு. வாடிக்கையாளருக்கு மட்டும். எங்களுக்கு மத்தியானம் ஒரே ஒரு தடவ."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல?"

அதற்குள் இயந்திரம் என்னுடைய பங்கை மறுபடி கணக்கிட்டு முடித்திருந்தது. அதற்கு இரக்கமே கிடையாது. எல்லாரும் பார்க்கும்படி பெரிய எழுத்தில் போட்டது: 'ஐயம்பெருமாள். திருத்திய நிலைப்பாடு. பெண்கள் கழிப்பறை: கருத்து இல்லை. கிரிக்கெட் வலை: ஆதரவு. பெரிய திரை: மிக ஆதரவு.'

முப்பிடாதி அக்கா திரையைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், கடைசியாக என் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார்.

நாலு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் நான் கறிவேப்பிலைக்கு ஊற்றியது எவ்வளவு தண்ணீர் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். மிச்சம் என்றா சொன்னேன்? ஒருநாளாவது அந்தப் பாட்டில் கால்வாசி குறைந்திருந்ததா? நான் பிடித்துக் கொடுத்தது அப்படியே முழுசாகத்தான் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. நான் ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை.

எழுந்து மாலையைக் கழற்றினேன். அது போய்ச் சேரவேண்டிய இடத்தில், வடிவின் கழுத்தில் போட்டேன். அவள், "அய்ய, என்ன இது, எல்லாரும் பாக்காவ" என்று கையால் தடுத்தாள். தடுத்தாலும் கழற்றவில்லை. சுவரோரமாக நின்ற முப்பிடாதி அக்காதான் முதலில் குலவையிட்டார். வராந்தாவிலும் படிக்கட்டிலும் இருந்தவர்களுக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. ஆனாலும் குலவை வேப்பமரம்வரை போய்த் திரும்பி வந்தது. மணி பன்னிரண்டு எப்போதோ தாண்டியிருந்ததால், நல்ல நேரம்தான் என்று யாரோ சொன்னார்கள்.

கழிப்பறை நான்கு மாதத்தில் கட்டி முடிந்தது. ஆறு அறை, தண்ணீர், விளக்கு, உள்ளே தாழ்ப்பாள். திறப்பு விழாவில் தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்தக் கல்லூரிப் பெண்ணின் வலைக்கு வேறு மனை பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊரில் இப்போது ஜனநாயகம் இரண்டரை மணி நேரம் நடக்கிறது. காலை எட்டரைக்கு, ராகு காலத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறோம். கூடத்தில் பூக்கட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், குழந்தைகள் மேஜைக்கடியில் ஓடுகின்றன. என் டீ ஒவ்வொரு முறையும் ஆறிப்போகிறது.

வீட்டில் ஒரே ஒரு நஷ்டம். வடிவின் பாட்டில் இப்போது காலியாகத்தான் வருகிறது. கறிவேப்பிலைச் செடி லேசாக வாட ஆரம்பித்திருக்கிறது. இனி அதற்குத் தனியாகத் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும்.